மாட்டுத்தோல் பந்தும் ஒரு நேர்த்தியும்

ஜேர்மனியின் டிரெஸ்டனில் மதீசன் படிக்கிற பொறியியல் கல்லூரியில் விளையாட்டு மண்டபத்துக்குக் கீழே உடுப்பு மாற்றும் அறை ஒன்று இருக்கிறது. அதன் கதவுக்கு மேலே ஒரு பழைய படம். 1911ஆம் ஆண்டு இந்தக் கல்லூரிக்காக உதைபந்தாடிய பதினொரு மாணவர்கள் அதில் நிற்கிறார்கள். பருவத்தின் முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை அதே பதினொரு பேர்தான். மாற்று ஆள் என்ற பேச்சே அந்தக் காலத்தில் கிடையாது. கால் பிசகினால் நொண்டிக்கொண்டு ஆட வேண்டும், அவ்வளவுதான். அப்படி ஆடியும் அந்தப் பருவம் முழுக்க ஒருவரிடமும் தோற்கவில்லையாம்.

பத்துப் பேரின் முகம் நல்ல தெளிவு. நடுவில் குந்தியிருக்கிற கோல்காப்பாளரின் முகம் மட்டும் கலங்கிப் போயிருந்தது. படம் பிடிக்கிற நேரம் தலையை அசைத்துவிட்டார் போல. ஆனால் மடியிலிருந்த பந்தைப் பிடித்த கைகள் அசையவில்லை. விரல் மூட்டுகள் வீங்கியிருப்பதும், ஒரு நகம் கறுத்திருப்பதும் கண்ணுக்குத் தெரிந்தன. கையுறை ஏதும் இல்லை. வெறுங்கை.

யாழ்ப்பாணத்து வதிரியில் பள்ளிக்கூடத்துக்கும் பிறகு ஊர்க் கழகத்துக்கும் கோல் காத்தவன் மதீசன். மற்றவர்கள் அந்தப் படத்தின் கீழே நின்று சப்பாத்துக் கட்டிக்கொண்டு போவார்கள். அவன் மட்டும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கைகளை அண்ணாந்து பார்ப்பான். முகம் இல்லாத ஒரு ஆள், கைகளை மட்டும் நூறு வருடத்துக்கு மேலாக இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறாரே என்று அவனுக்கு உடம்பு சிலிர்க்கும்.

இந்த வசந்தத்தில் பயிற்றுநர் ஹார்ட்முட் ஒரு காரியம் செய்தார். சாக்சனி மாநிலத்தில் உள்ள நான்கு பழைய கல்லூரிகளைச் சேர்த்து, 1911இன் விதிகளின்படியே ஒரு பருவம் ஆடுவது என்று ஏற்பாடு. பந்தும் பழையது போலவே இருக்க வேண்டும் என்று, குதிரைச் சேணம் தைக்கிற ஒருவரிடம் சொல்லி மாட்டுத்தோலில் தைப்பித்தார். ஒரு பக்கம் வாயைப் பிளந்து தோல்வாரால் கோத்து இறுக்கிய பந்து. பதினொரு பேரின் பெயரை முதலே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு ஒரு பெயரும் மாறாது. ஒருவன் வராவிட்டால் பத்துப் பேரோடு ஆட வேண்டியதுதான். கோல்காப்பாளர் என்ற இடத்தில் மதீசனின் பெயர் எழுதப்பட்டது.

முதல் ஆட்டத்துக்கு முன் ஹார்ட்முட் அவர்களைக் கல்லூரிப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் பதித்திருந்த கல்லில் பெயர்கள் இருந்தன. படத்தில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் அந்தக் கல்லில் இருக்கிறார்கள் என்றும், படம் எடுத்து மூன்று வருடத்தில் யுத்தம் வந்துவிட்டது என்றும் சொன்னார். கோல்காப்பாளரின் பெயரையும் தொட்டுக் காட்டினார். யுத்தம் என்ற சொல்லை மதீசனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவன் அந்தப் பெயரை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.

அந்த முதல் ஆட்டத்தில் நன்றாக அடிவாங்கினார்கள். பந்தின் பாரம் யாருக்கும் பிடிபடவில்லை. தலையால் முட்டிய கோகுல் கொஞ்ச நேரம் புல்லில் உட்கார்ந்துவிட்டான். கோகுல் கோயம்புத்தூர்க்காரன், மதீசனோடு ஒரே வகுப்பு, அணியில் இடது பின்காவல். எழும்பி வந்து, இது ஃபுட்பால் இல்லை, யாரோ தைத்து அனுப்பிய பாறாங்கல் என்றான்.

ஆட்டம் முடிந்ததும் ஹார்ட்முட் மதீசனைக் கூப்பிட்டு, ஏன் கோலுக்கு முன்னாலேயே நின்றாய் என்று கேட்டார். 1911இல் கோல்காப்பாளர் தன் பாதி மைதானம் முழுவதிலும் பந்தைக் கையால் தொடலாம். தூக்கிக்கொண்டு இரண்டு எட்டுக்கு மேல் போகக் கூடாது. நிலத்தில் தட்டித் தட்டி ஓடினால் நடுக்கோடு வரைக்கும் போகலாம். எதிராளி தோளால் இடித்துத் தள்ளவும் அப்போது உரிமை உண்டு.

அப்படியென்றால் பாதி மைதானம் என்னுடையதா என்று மதீசன் ஜேர்மன் மொழியான டொச்சில் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கையால் பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோடு வரை ஓடிய அந்த முகமில்லாத மனிதரை நினைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஆட்டத்தில் அவன் வெளியே வந்தான். முதல் பந்தைப் பிடித்ததும் நிலத்தில் தட்டினான். பாரமான பந்து, கொஞ்சமாகத்தான் எழும்பியது. குனிந்து தட்டிக்கொண்டே ஓடினான். இரண்டு பேர் தோளைச் சாய்த்துக்கொண்டு வந்தார்கள். ஊரில் கிளித்தட்டு விளையாடி வளர்ந்த உடம்பு அது. இடப்பக்கம் போகிறவன் மாதிரி ஒரு ஆட்டு ஆட்டி வலப்பக்கத்தால் வழுகினான். இருவரும் ஒருவரோடு ஒருவர் மோதி விழுந்தார்கள். நடுக்கோட்டை மிதிப்பதற்கு முன் பந்தை உதைத்தான். அது பறந்து போய் முன்வரிசைக்காரனின் காலில் விழுந்தது. கோல்.

பார்க்க வந்தவர்களுக்குள் பழைய காலத்துத் தொப்பி போட்டுக்கொண்டு வந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வென்றார்கள். அதற்கடுத்த ஆட்டமும் வென்றார்கள், அதற்கடுத்ததும். மதீசனின் விரல் மூட்டுகள் வீங்கின. அறையில் படத்துக்குக் கீழே நின்று கைகளைத் தூக்கி, அந்தக் கைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தான். கோகுல் அதைக் கண்டுவிட்டு, ஜாதகப் பொருத்தம் எப்படி என்று கேட்டான்.

எல்லாம் இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வதிரியிலிருந்து அம்மா அழைத்தார்.

முதல் தடவை மதீசனின் விசா மறுக்கப்பட்ட அன்று அம்மா சுலோஜனா ஒரு நேர்த்தி வைத்திருந்தார். விசா கிடைத்தால், ஜேர்மனியின் மேற்கே ஊன்ட்றொப்பில் கால்வாய்க் கரையில் இருக்கிற காமாட்சி அம்மனுக்குத் தேரன்று மகன் காவடி எடுப்பான் என்று. அந்தக் கோயிலை அவர் கண்ணால் கண்டதில்லை. பக்கத்தூர் ஹம்மில் இருக்கிற மதீசனின் சித்தப்பா முருகேசு அனுப்புகிற படங்களில் பார்த்ததுதான். இரண்டாம் தடவை விசா வந்தது. இப்போது தேர் வருகிறது. தேருக்கு அடுத்த கிழமையே விசாவை நீடிப்பதற்கு அலுவலகத்தில் நேரம் குறித்துக் கொடுத்த டேர்மினும் வருகிறது. இந்த இரண்டையும் மதீசனின் மனம் தானாகவே முடிச்சுப் போட்டுவிட்டது. நேர்த்தியில் ஒரு குறை வந்தால் டேர்மினில் விசா கிடைக்காமல் போகும் என்று அவன் நம்பினான்.

விரதம் தொடங்குகிற நாளை அம்மா சொன்னார். மச்சம் மாமிசம் கூடாது, நிலத்திலே படுக்க வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தோல் சாமான் ஒண்டும் தொடாதை தம்பி. பெல்ட், பேர்ஸ், சப்பாத்து எல்லாத்தையும் எடுத்து ஒரு பக்கமாய் வை. அம்மன் தந்த விசா. கவனமாய் இரு."

"ஓம் அம்மா" என்றான் மதீசன். பெல்ட்டைக் கழற்றினான். பேர்ஸைப் பெட்டியில் வைத்தான். துணிச் சப்பாத்து வாங்கினான். அன்றைக்குப் பின்னேரம் பயிற்சிக்குப் போய், கோகுல் எறிந்த பந்து நெஞ்சுக்கு நேரே வந்தபோதுதான் அவனுக்கு விளங்கியது. சட்டென்று விலகினான். பந்து வலைக்குள் போனது.

கோகுல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"டேய், பந்தைப் புடிக்கிறதுதான்டா உன் ஜாப்பே. தொடாம எப்படிடா கீப்பிங் பண்ணுவ?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

"உங்க வீட்ல மாடு இருக்கா?"

"இருக்கு."

"அம்மா தினம் தொடுவாங்களா?"

"தொட்டுக் கும்பிடுவா."

"உயிரோட இருந்தா சாமி, பந்தா மாறுனா தீட்டு. நல்லா இருக்குடா உங்க ரூல் புக்கு."

"நக்கலடிக்காதை மச்சான். துணிவிருந்தால் அம்மாட்டை நீயே கேட்டுப் பார்."

"ஐயோ, எனக்கு எங்கம்மா ஒருத்தங்களே போதும்."

விலகிவிடவும் வழியில்லை. அவன் பெயரை மாற்ற விதி இடம் தராது. அவன் விலகினால் கோல்காப்பாளர் இல்லாமல் பத்துப் பேர் நிற்க வேண்டும். அந்தப் படத்தில் இருப்பவர்களில் ஒருவர்கூட விலகவில்லையே என்பதும் அவனை அரித்தது. கடைசியில் சித்தப்பா முருகேசுவை அழைத்து, உறை போட்டுக்கொண்டு தொட்டால் தொட்டதாகக் கணக்கா என்று சுற்றி வளைத்துக் கேட்டான். சித்தப்பா அவன் ஏதோ றெஸ்டோரண்டில் இறைச்சி வெட்டப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு, உறை போட்டால் கையில் படாதுதானே, பரவாயில்லை என்றார். மதீசன் அவரைத் திருத்தவில்லை.

கம்பளிக் கையுறை வாங்கினான். அந்தக் காலத்திலும் குளிருக்குக் கம்பளிக் கையுறை போட்டவர்கள் இருந்தார்கள் என்று ஹார்ட்முட் தலையாட்டினார். நீளக் காற்சட்டை, நீளக் கைச்சட்டை, நெற்றி மறைய ஒரு தொப்பி. முகத்தைத் தவிர ஓரிடமும் மிச்சமில்லை. ஐந்தாம் ஆட்டம் நல்ல வெயிலில் நடந்தது. காய்ந்த கம்பளியில் பந்து நின்றது. அதிலும் வென்றார்கள். ஆனால் மதீசனுக்கு அது தான் பிடித்த பந்து மாதிரி இல்லை. யாரோ பிடித்துத் தந்த மாதிரி இருந்தது.

கடைசி ஆட்டம் லைப்சிக் கல்லூரியோடு. தேருக்கு முதல் நாள், சனிக்கிழமை மத்தியானம். சமநிலை வந்தாலே போதும், பருவம் டிரெஸ்டனுக்கு. தோற்றால் லைப்சிக்குக்கு. ஆட்டம் முடிந்த கையோடு அவன் ஹம்முக்கு ரயில் ஏற வேண்டும். காவடி சித்தப்பா வீட்டில் மயிலிறகு கட்டித் தயாராக இருந்தது.

விடியற்காலையில் தொடங்கிய மழை விடவில்லை.

இப்படி ஒரு கூட்டத்தை அந்த மைதானத்தில் மதீசன் கண்டதில்லை. குடைகளும் பழைய தொப்பிகளுமாகக் கோட்டைச் சுற்றி ஒரு கறுப்பு மதில் எழும்பியிருந்தது. யாரோ பித்தளை எக்காளம் ஒன்றைக் கொண்டுவந்து ஊதினார்கள். மழைப் புகார் மூட்டத்துக்குள் மண்ணிறச் சட்டைகள் ஓடுவதைப் பார்க்க, படத்திலிருந்தவர்கள் இறங்கி வந்துவிட்டார்களோ என்று ஒரு கணம் அவனுக்கு மயக்கமாக இருந்தது.

முதற்பாதியில் டிரெஸ்டன் ஒரு கோல் போட்டது. பந்து நீரைக் குடித்துக் குடித்துப் பாரமானது. அவனுடைய கையுறைகளும் குடித்தன. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் லைப்சிக்கின் நடு முன்வரிசைக்காரன், கதவு மாதிரி அகன்ற ஒருத்தன், மெல்லமாக ஒரு பந்தை உதைத்தான். சின்னப் பிள்ளையும் பிடிக்கக்கூடிய பந்து. மதீசன் இரண்டு கையாலும் அணைத்தான். நனைந்த கம்பளிக்குள்ளிருந்து அது சவர்க்காரம் மாதிரி வழுகிக் கோட்டைத் தாண்டியது.

ஒன்றுக்கு ஒன்று.

ஒருவரும் அவனை ஏசவில்லை. அதுதான் அவனுக்குக் கூடுதலாகச் சுட்டது. கோகுல் கிட்ட வந்து கையுறைகளைப் பார்த்தான். பிறகு அவன் முகத்தைப் பார்த்தான். தன் இடத்துக்குத் திரும்பிப் போனான்.

நேரம் முடிகிற கட்டத்தில் டிரெஸ்டனின் பாதிக்குள் ஒரு பந்து சும்மா கிடந்தது. மதீசன் ஓடிப்போய் எடுத்தான். முன்னால் வெளி இருந்தது. பழக்கத்தில் பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினான். இரண்டு தரம் அரைகுறையாக எழும்பியது. மூன்றாம் தரம் சேற்றில் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. பந்து இல்லாமலே அவன் முன்னுக்கு ஓடிவிட்டான்.

பின்னால் திரும்பிப் பார்க்க, அந்த அகன்ற ஆள் பந்தைச் சேற்றிலிருந்து பிடுங்கி, ஆளில்லாத கோலை நோக்கி ஓங்கி உதைத்துவிட்டான். பந்து உயரப் போனது. எக்காளம் நின்றது. குடைகள் எல்லாம் பின்னுக்குச் சாய்ந்தன. அந்தப் பந்து வானத்தில் மெல்லச் சுழன்றுகொண்டு, மழைத்துளிகளை எல்லாப் பக்கமும் விசிறிக்கொண்டு போனதை மதீசன் வாழ்நாளில் மறக்க மாட்டான். பயம் அந்த ஒரு கணம் அவனை விட்டுப் போய்விட்டது. அவ்வளவு வடிவாக இருந்தது அது.

பிறகு ஓடினான். பந்து கோலுக்கு முன்னால் விழுந்தது. சேறு அதைப் பிடித்து இழுத்தது. நிற்காமல் கோட்டை நோக்கி மெதுவாக ஊர்ந்தது. பக்கத்தில் அந்த அகன்றவனின் மூச்சு கேட்டது. அவனும் ஓடி வருகிறான். தோள் வரும், சப்பாத்து வரும். இந்தப் பந்தைக் கம்பளியால் நிறுத்த ஏலாது. அது மதீசனுக்குத் தெரிந்தது. அம்மாவின் குரலும் காதில் கேட்டது. தோல் சாமான் ஒண்டும் தொடாதை தம்பி.

ஓடிக்கொண்டே பல்லால் இடக்கை உறையைக் கடித்து இழுத்தான். வலக்கையை உதறினான். இரண்டு உறைகளும் பின்னால் சேற்றில் விழுந்தன.

பாய்ந்தான். நனைந்த மாட்டின் வாசம் மூக்கில் அடித்தது. பத்து விரலும் தோலில் பதிந்தன. தோல்வார் முடிச்சு உள்ளங்கைக்குள் இறங்கியது. அடுத்த கணம் அகன்றவனின் தோள் அவன் தோளில் விழுந்தது. இருவரும் சேற்றில் வழுகிக் கோல்கம்பத்தோடு போய் இடித்தார்கள். கண்ணைத் திறந்து பார்க்கையில் மூக்குக்கு முன்னால் வெள்ளைக் கோடு. பந்து அதற்கு இந்தப் பக்கம், அவன் கைகளுக்குள். கைகள் அசையவில்லை.

ஆட்டம் முடிந்ததென்று விசில் கேட்டது. பருவம் டிரெஸ்டனுக்கு. அகன்றவன் எழும்பி, பந்தைப் பார்த்து, கையைப் பார்த்து, மதீசனைத் தூக்கி நிறுத்தினான்.

கோகுல் ஓடி வந்து அவன் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். கோகுல் அழுகிறானா, மழையா என்று தெரியவில்லை.

"அம்மாகிட்ட நான் வேணா பேசவாடா?" என்றான்.

"வேண்டாம் மச்சான். நான்தானே தொட்டனான்."

எல்லோரும் வெளியே பாடிக்கொண்டிருக்க, மதீசன் உடுப்பு மாற்றும் அறையில் படத்துக்குக் கீழே உட்கார்ந்து வதிரிக்கு அழைத்தான். அங்கே விளக்கு வைக்கிற நேரம் தாண்டியிருந்தது. அம்மா எடுத்ததும் காவடியைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். மதீசன் இடையில் மறித்து எல்லாவற்றையும் சொன்னான். பந்து மாட்டுத்தோல் என்பதை, உறை போட்டதை, சித்தப்பாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டதை, மழையை, ஓடியதை, கழற்றியதை. விசாவுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டான். சொல்லி முடிக்க மூச்சு வாங்கியது.

அந்தப் பக்கம் பல்லி ஒன்று சொல்லுவது மட்டும் கேட்டது.

"வெறுங்கையோ?" என்றார் அம்மா.

"ஓம் அம்மா. ரெண்டு கையும்."

பிறகு, மெல்ல:

"பிடிச்சனியோ?"

"பிடிச்சன் அம்மா."

"கோட்டுக்கு வெளியிலையோ?"

"வெளியிலைதான். ஒரு விரலிடை."

தொலைபேசியைக் கீழே வைப்பது கேட்டது. செருப்பில்லாத கால்கள் சிமெந்தில் ஓடுவது கேட்டது. தூரத்தில், வீட்டுக்குப் பின்புறம் நின்ற அப்பாவிடம் அம்மா கத்தினார்.

"இஞ்சருங்கோ, பிடிச்சிட்டானாம். வெறுங்கையாலை."

திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. கால்வாயில் இறங்கி முழுகிவிட்டுக் காவடியை எடு என்றார். மிச்சத்தைத் தான் அம்மனோடு பேசிக்கொள்வதாகச் சொன்னார். பிறகு, தானும் அவனோடு சேர்ந்து விரதம் என்பதையும், செருப்புப் போடாமல் திரிவதையும், ஏதோ மறந்துபோன விஷயம் மாதிரிச் சொன்னார். கடைசியாக, அந்தப் பெரிய ஆள் இடித்தது எந்தப் பக்கத் தோளில் என்று கேட்டார். காவடி அந்தப் பக்கம் நோகுமே என்று.

ஞாயிறு காலை ஊன்ட்றொப்பில் மழை விட்டிருந்தது. கால்வாய்த் தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. மதீசன் முழுகி எழும்பிக் கைகளை விரித்துப் பார்த்தான். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. நகம் ஒன்று கறுத்திருந்தது. உள்ளங்கையில் தோல்வாரின் தடம் சிவப்பாகக் குறுக்கும் நெடுக்குமாக இருந்தது. தேய்த்தும் போகவில்லை.

கரையில் காவடியோடு நின்ற முருகேசு சித்தப்பா குனிந்து பார்த்தார்.

"என்னடா தம்பி, கையிலை தையல் போட்டதோ?"

"இல்லைச் சித்தப்பா. பந்து."

அவர் மேற்கொண்டு கேட்பதற்குள் தவில் எழும்பியது. தொழிற்சாலைக் கூரைகளுக்கு மேலால் தேரின் முடி அசைந்து வந்தது. ஆயிரக்கணக்கான சனம் ஒரே மூச்சாக அரோகரா என்றது. மதீசன் அண்ணாந்து பார்த்தான். நேற்று வானத்தில் சுழன்றுகொண்டு போன பந்தைப் பார்த்த அதே கண்ணால் பார்த்தான். பிறகு, இடிபடாத பக்கத்துத் தோளைக் கொடுத்து, இரண்டு கையாலும் காவடியைப் பிடித்தான்.